தலைகீழ் வகுப்பறையும் நன்னூல் நெறியும்

முன்னுரை

ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் வாய் திறவாதிருந்த நம்மாழ்வார், மதுரகவியார் ஒரு வினாவோடு வந்து நின்றபோதே பேசினார் என்பது வைணவ மரபு. மாணாக்கனின் வினாவே ஆசானின் நாவைத் திறக்கும் என்னும் கல்வி உண்மையை இச்செய்தி உணர்த்துகிறது. இன்றைய அறிவியல் வகுப்புகளிலோ ஆசிரியர் சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதிக்கொள்வதே பெருவழக்கு. வீட்டில் கணக்கிற்கு விடை காண முயன்று இடர்ப்படும்போது கேட்க ஆளில்லை.

தலைகீழ் வகுப்பறை

இவ்வரிசையை மாற்றுவதே தலைகீழ் வகுப்பறை. விளக்கத்தை மாணவர் வீட்டிலேயே படித்தோ ஒளிப்பதிவில் கண்டோ வருவர். வகுப்பு நேரம் வினாவுக்கும் பயிற்சிக்கும் உரியதாகும். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், 1991 முதல் மாணவரை ஒருவருக்கொருவர் விளக்கச் செய்தார். கொலராடோவின் வேதியியல் ஆசிரியர்கள் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் இருவரும் 2007இல் தம் பாடங்களை ஒளிப்பதிவு செய்து வழங்கத் தொடங்கினர். அறிவியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஆய்வின்படி, விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி 33.8 விழுக்காடு, மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் 21.8 விழுக்காடு.

நம் மரபில்

இந்நெறி நமக்குப் புதிதன்று. ஆசான் உரைப்பதை நன்கு கொண்டாலும் புலமையில் காற்பங்கே நிரம்பும். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலில் வகுத்த கணக்கு. அரபுக் கல்லூரிகளிலும் நாளைய பாடத்தை இன்றே படித்து வரும் ‘முதாலஆ’ வழக்கத்தைப் பெரியோர் அறிவர்.

உப்பளம் தரும் பாடம்

ஓர் எடுத்துக்காட்டு. கரைதிறன் பற்றிய இரு பக்கங்களை மாணவர் படித்து வருகின்றனர். ஆசிரியர் வினவுகிறார்: ‘கடல்நீரில் கறியுப்பு மிகுதி, ஜிப்சம் குறைவு. ஆயினும் தூத்துக்குடி உப்பளத்தில் நீர் வற்றும்போது ஜிப்சம் முந்திப் படிவதேன்? கறியுப்பு ஏறத்தாழ 25 போமே பாகை வரை காத்திருப்பதேன்?’ மாணவர் இருவர் இருவராக ஆராய்கின்றனர். ஜிப்சத்தின் கரைதிறன் மிகக் குறைவு. ஆதலின் அதுவே முதலில் தெவிட்டுநிலை எய்துகிறது என்னும் விடையைத் தாமே காண்கின்றனர். உப்பளத் தொழிலாளியின் பிள்ளை அன்று வகுப்புக்கே ஆசிரியராகலாம்.

முடிவுரை

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். முன்பாடம் ஆங்கிலத்தில் மட்டும் அமையின், தமிழ்வழி பயின்று வந்த மாணவர் வீட்டிலும் விளங்காது, வகுப்பிலும் வாய் திறவாது இரட்டை இழப்புக்கு ஆளாவார். வீட்டிற்கு ஒரே கைப்பேசி உள்ள பிள்ளைக்கு ஒளிப்பதிவும் எட்டாக்கனியே. எனவே ஒவ்வொரு பாடத்திற்கும் இரு பக்கத் தமிழ் முன்குறிப்பு அச்சில் தரப்பட வேண்டும். அறிவியல் துறையினர் பொருளை நல்க, தமிழ்த்துறையினர் தெளிந்த நடையில் எழுதித் தருதல் கடன். வினாவோடு வரும் மாணவரை உருவாக்குவதே கல்வி. அதற்குத் தமிழ் வாயிலாகுக!