மாடி ரூமுக்கு மரத்தரை போடப்போறியா தங்கச்சி?

கொடைக்கானல் பழைய பங்களாவுல மரத்தரையில நடந்துட்டு வந்ததுல இருந்து உனக்கு அதே நினைப்புன்னு தெரியும். ஆனா அது 2,000 மீட்டருக்கு மேல இருக்கிற ஊரு. அங்க கால் சில்லிடக் கூடாதுன்னு மரம் போட்டாங்க. திண்டுக்கல் சித்திரை வெயில்ல நாம தேடுறதே சில்லுன்னு இருக்கிற தரையைத்தான். அதனால வீடு முழுக்க வேண்டாம்டா. மாடியில ஏசி போடுற படுக்கையறைக்கு மட்டும் போடு.

இப்ப எல்லாரும் விரும்புறது அகலப் பலகை, மினுக்காத மேட் ஃபினிஷ், வெளிர் ஓக் நிறம். மூணுமே நமக்குத் தோதுதான். கறுத்த வால்நட் நிறத்துக்கு மட்டும் ஆசைப்படாத. ரோட்டுப் புழுதியும், உப்புத்தண்ணி மாப் போட்ட வெள்ளைக் கோடும் அதுல அப்படியே தெரியும். மீன்முள் மாதிரி அடுக்குற ஹெரிங்போன் ரொம்ப அழகு. ஆனா வெட்டுச் சேதாரம் அதிகம், 15 சதவீதம் கூடுதலா வாங்கணும்.

லேமினேட்ல மேல இருக்கிறது மரத்தோட படம்தான். எஞ்சினியர்டு வுட்ல அடியில பிளைவுட், மேல நிஜ மரம். கையில காசிருந்தா இதையே வாங்கு.

எப்ப போடுறோம்ங்கிறதுதான் முக்கியம். எங்க வீட்டுல ஐப்பசி மழையில அவசரப்பட்டுப் போட்டோம். ஈரத்தை இழுத்து உப்பியிருந்த பலகை, பங்குனியில காஞ்சு சுருங்கி, நடுவுல நகம் நுழையுற அளவுக்கு இடைவெளி விட்டுருச்சு. நீ தை, மாசியில போடு. முந்தின நாள் சிமென்ட் தரையில ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, 24 மணி நேரம் விட்டுப் பாரு. அடியில வேர்த்திருந்தா தரை இன்னும் காயலைன்னு அர்த்தம். பலகைப் பெட்டிய 2 நாள் அதே ரூம்லயே போட்டு வை. சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடம் விடச் சொல்லு, ஸ்கர்டிங் அதை மறைச்சிரும். கரையான் மருந்து அடிக்காம ஆரம்பிக்கவே விடாத.

கீழ் ஹாலுக்கு மர டிசைன் டைல்ஸ் போதும். வாளித்தண்ணி ஊத்திக் கழுவலாம். நீளமான டைல்ஸ் நடுவுல லேசா வளைஞ்சிருக்கும். அதனால பாதிக்குப் பாதி மாத்தி ஒட்டாம, மூணுல ஒரு பங்கு தள்ளி ஒட்டச் சொல்லு. இல்லேன்னா விளிம்பு கால்ல தட்டும்.

மிச்சப் பலகை நாலஞ்சை லாஃப்ட்ல எடுத்து வை. பின்னால ஒண்ணு கெட்டா, அதே நிறம் கடையில கிடைக்கிறது கஷ்டம்.