'நோட்' ஒன்று, பொருள் பல

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் கடைவீதிகளில் நாம் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொல் 'நோட்'. சொல் ஒன்றுதான், பொருள் பல. பொருள் தவறினால் பணமும் தவறும். எனவே பிரித்தறிவோம்.

கணக்கு நோட்டு: கடன் பாக்கியை நாம் எழுதி வைப்பது. இது மட்டுமே வழக்கில் கடனை நிரூபிக்கப் போதாது. பில்லும் கையொப்பமும் துணை நிற்க வேண்டும்.

ரூபாய் நோட்டு: ரிசர்வ் வங்கி கவர்னர் கையொப்பமிட்ட வாக்குறுதி. 1 ரூபாய் நோட்டில் மட்டும் மத்திய நிதித்துறைச் செயலாளரின் கையொப்பம் இருக்கும்.

புரோநோட்டு: கடனாளி எழுதித் தரும் வாக்குறுதி. கேட்கும்போது தருவதாக எழுதியிருந்தால், எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். கெடு முடியுமுன் கடனாளி பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும்.

டெலிவரி நோட்: சரக்கு இறங்கியதற்கான சீட்டு, வரி பில் ஆகாது.

கிரெடிட் நோட்: 10 டின் எண்ணெயில் ஒழுகிய 2 டின்னை நாம் திருப்பினால், மொத்த வியாபாரி அத்தொகையை நமக்கு வரவு வைத்துத் தருவது. அந்த 2 டின்னுக்கு வரி வரவு எடுத்திருந்தால் நாம் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். விற்றவர் தம் வரியைக் குறைக்க, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள், அல்லது ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யுமுன், எது முந்தியதோ அதற்குள் இதைக் காட்டியாக வேண்டும்.

டெபிட் நோட்: பில்லில் தொகை குறைந்திருந்தால் விற்றவர் கூடுதலாகக் கேட்பது. திருப்பிய சரக்குக்கு நாமே டெபிட் நோட் எழுதும் பழக்கம் உண்டு. அது நம் கணக்குக்கு உதவும், ஜி.எஸ்.டி.யில் வரியைக் குறைப்பது விற்றவரின் கிரெடிட் நோட்தான்.

ஆகவே, "நோட் அனுப்புகிறேன்" என்று யார் சொன்னாலும், "எந்த நோட்?" என்று கேட்போம். கையில் வாங்கிய பிறகே கணக்கை முடிப்போம்.