கிரிப்பில் விழுந்தவனும் போன் வைத்திருக்கலாம்

கீரிமலைக்கு அந்தியேட்டி செய்ய வருகிறவர்களுக்குப் பொருள் சேர்த்துக் கொடுப்பது என் தொழில். எள்ளு, தர்ப்பை, பச்சரிசி, வாழையிலை, தானத்துக்குக் குடை, செருப்பு, பாய் எல்லாம் ஒரு கோல் எடுத்தால் மடத்தடிக்கு வந்துசேரும். எனக்குக் கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. வலிகாமத்தில் எத்தனையோ வீட்டுக் கலண்டரின் ஓரத்தில் பேனையால் எழுதி வைத்திருக்கிற என் நம்பர்தான் கடை. அப்படிப்பட்டவனுக்குத் தவணைக்குப் போன் தரமுடியாது என்று ஒரு நிதிக் கம்பனி சொன்னது. இன்றைக்கும் அதே நம்பரில், முந்தியதைவிட நல்ல போனில் பேசிக்கொண்டிருக்கிறேன். எப்படி என்பதைச் சொல்கிறேன். இடையில் சிலருக்குச் சொல்லவேண்டியதும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் போகிறேன்.

பொருள் விற்கிறவனுக்கு எதற்கு நல்ல போன் என்று கேட்கிறவர்கள் இந்தப் பக்கம் அந்தியேட்டிக்கு வந்து கனகாலம் ஆகியிருக்கும். இப்போது பாதிக் குடும்பம் கனடாவிலும் லண்டனிலும். மூத்த மகன் இங்கே கடற்கரையில் பிண்டத்தோடு இருப்பார். மகள் ரொறன்ரோவில் நடுச்சாமத்தில் வட்ஸ்அப் வீடியோவில் அழுதுகொண்டிருப்பார். போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் நான். ஐயர் "பேரப்பிள்ளையளின்ர பேரைச் சொல்லுங்கோ" என்றதும் போனுக்குள் இருந்து பெயர்கள் வரும், காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். உடனே போனை ஐயரின் காதடிக்குக் கொண்டுபோகவேண்டும். அவர் மந்திரம் சொல்லும்போது வாயடிக்கு. பின்னால் அலை வந்தால் தலைக்கு மேலே. ஆடி அமாவாசைக்குக் கிட்டிய ஒரு காலை, தலைக்கு மேலே போகமுன் அலை வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் குடித்த போனை அரிசிக்குள் வைத்தாலும் எழும்பாது.

சுன்னாகத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடனட்டை இருந்தால் வட்டியில்லாத தவணை என்றார்கள். என்னிடம் கடனட்டை இல்லை. அப்படியென்றால் நிதிக் கம்பனி மூலம் செய்யலாம் என்று படிவம் தந்தார்கள். அடையாள அட்டைப் பிரதி, கரண்ட் பில், வருமான விபரம் எல்லாம் கொடுத்தேன். சொத்து இருக்கா என்றார்கள். காணி உறுதி இருக்கிறது, காணி பாதுகாப்பு வேலிக்குள்ளே இருக்கிறது என்றேன். அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. பிறகு கடைத் தம்பி கூப்பிட்டான். கடை நிறையச் சனம் நிற்க, "அண்ணை, உங்கட பேர் கிரிப்பில இருக்கு. பிளாக்லிஸ்ட்" என்றான்.

அவனுக்கு நான் அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். இலங்கை கொடுகடன் தகவல் பணியகம், நாங்கள் கிரிப் என்கிறது, 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் யாருக்கு என்ன கடன் கொடுத்தோம், எப்படிக் கட்டுகிறார் என்று அங்கே தகவல் கொடுக்கும். கடன் எடுத்து ஒரு மாதமும் தவறாமல் கட்டி முடித்தவரின் பெயரும் அங்கேதான் இருக்கும். கறுப்புப் பட்டியல் என்று ஒன்று தங்களிடம் இல்லை என்று பணியகமே பலமுறை சொல்லியிருக்கிறது. இருப்பதைச் சொல்வது மட்டும்தான் அவர்கள் வேலை. தருவதா விடுவதா என்று முடிவெடுப்பது கம்பனி. கடையில் நின்று ஒருவனைப் பிளாக்லிஸ்ட் என்று கத்த எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

என் பெயரில் கடன் எதுவும் இல்லை. ஆனாலும் அறிக்கை பழுது. காரணம் ஒரு பிணைக் கையெழுத்து.

எனக்கு உண்மையில் நட்டம் எதில் வந்தது

இந்தப் பகுதியை மட்டுமாவது ஆறுதலாக வாசியுங்கள்.

சொந்தக்காரர் ஒருவர் ஓட்டோ லீசிங் போட்டபோது பிணை நின்றேன். "பிணை நிக்காதை எண்டு அப்பவே சொன்னனான்" என்று இப்போது சொல்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கு ஒரு கேள்வி. பிணைக்கு ஆளில்லாமல் எங்கள் பக்கம் எத்தனை ஓட்டோ ஓடியிருக்கும்? 1990இல் வெளிக்கிட்டு, முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்து, வெறுங்கையோடு திரும்பி வந்த சனத்துக்கு ஆளுக்கு ஆள் வைத்த கையெழுத்தைத் தவிர வேறு முதல் இருந்ததா? பிணை நின்றதற்கு நான் வருந்தவில்லை. அடுத்தமுறையும் நிற்பேன், ஆனால் வேறு மாதிரி.

நான் இடம்பெயர்ந்து சுன்னாகத்தில் வாடகைக்கு இருந்த காலத்தில் வைத்த கையெழுத்து அது. பத்திரத்தில் எழுதியது அந்த வாடகை வீட்டு விலாசம். பிறகு காணியில் ஒரு பகுதி மட்டும் விடுபட்டது, ஊருக்கு வந்தேன். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, கூரை போடுகிற நேரத்தில் லீசிங் கம்பனிக்கு விலாச மாற்றம் எழுதுகிற ஞாபகம் யாருக்கு வரும்? ஓட்டோக்காரர் கட்டுக்காசை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார். கம்பனி ஓட்டோவைச் சீஸ் பண்ணி விற்றது. விற்ற காசு கடனுக்குக் காணாது. மிச்சம் பிணைகாரன் தலையில். அறிவித்தல் எல்லாம் பதிவுத் தபாலில் அந்தப் பழைய வாடகை வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. சட்டப்படி அனுப்பிவிட்டோம் என்கிறது கம்பனி. சரிதான். ஆனால் அந்தப் படிவத்தில் என் போன் நம்பரும் இருந்தது. கடனைக் கட்ட ஆள் தேடுகிறபோது அந்த நம்பருக்கு ஒருநாளும் எடுக்காதவர்கள், புதுக் கடன் தருவதாக விளம்பர எஸ்.எம்.எஸ். அனுப்புவதற்கு மட்டும் அதைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள்.

அந்த முதல் கடிதம் என் கைக்கு வந்திருந்தால் ஓட்டோவை நானே எடுத்து ஓட்ட ஆள் பிடித்திருப்பேன். வட்டிக்கு மேல் தாமத வட்டி ஏறியிருக்காது. ஆகவே பிணை நிற்கிறவர்கள் செய்யவேண்டியது மூன்று. ஒன்று, கையெழுத்து வைத்த எல்லாத் தாளிலும் ஒரு பிரதி வாங்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். இரண்டு, வீடு மாறினால் முதல் கடிதம் லீசிங் கம்பனிக்கு. பிரதியில் முத்திரை குத்தி வாங்கி வையுங்கள். மூன்று, மாதம் ஒருமுறை கட்டின பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சொந்தக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். என் சொந்தக்காரர் இப்போது எனக்கு முகமே காட்டுவதில்லை.

குழுக்கடன் எடுத்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்து நிலுவையில் கிடந்த, ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. ஓட்டோவுக்குப் பிணை நின்றவனை எந்த அரசாங்கமும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அறிக்கையைக் கையில் எடுங்கள்

உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே எடுக்கலாம். வங்கிக் கிளையில் கேட்டாலும் சரி, பணியகத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பித்தாலும் சரி. கட்டணம் பெரிதில்லை. அதில் உங்கள் கடன், நீங்கள் பிணை நின்ற கடன், உங்களைப் பற்றி எந்தெந்த நிறுவனம் விசாரித்தது எல்லாம் இருக்கும். பிழையாக ஏதாவது இருந்தால் தகவல் கொடுத்த நிறுவனம்தான் திருத்தவேண்டும். பணியகம் தானாக அழிக்காது. கட்டித் தீர்த்தாலும் பழைய பதிவு உடனே மறையாது. ஆனால் தீர்ந்தது என்று விழும். தீர்த்ததற்குக் கடிதம் வாங்கி வையுங்கள். நான் பேரம் பேசி, தாமத வட்டியில் ஒரு பங்கைக் குறைத்து, தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கம்பனி மறுத்தவுடனே அடுத்த கம்பனி, அதற்கடுத்த கம்பனி என்று ஓடாதீர்கள். கேட்ட ஒவ்வொன்றும் அறிக்கையில் நிற்கும். "மனிசியின்ர பேரில எடுங்கோவன்" என்று ஒரு நல்ல மனிதர் ஆலோசனை சொன்னார். ஒரு வீட்டுக்கு ஒரு பெயர் பழுதானது போதும்.

நம்பரை விடாதீர்கள்

போன் போனால் போகட்டும், நம்பர் போகக்கூடாது. என் இணைப்பு மாத பில் இணைப்பு. காசு இறுகிய நேரத்தில் பில்லும் நிலுவை. அதை அப்படியே விட்டு, கடைவாசலில் புதுச் சிம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் வங்கிக் குறுஞ்செய்தி, வட்ஸ்அப், வாடிக்கையாளர் எல்லாம் பழைய நம்பரோடு கிடக்கும். நான் முதலில் கட்டியது லீசிங்காரனுக்கு இல்லை, பில் நிலுவையை. பிறகு அடையாள அட்டையோடு போய் அதே நம்பரை ரீலோட் இணைப்பாக மாற்றித் தரக் கேட்டேன். மாற்றித் தந்தார்கள். ரீலோட் இணைப்புக்கு எவனும் கிரிப் பார்ப்பதில்லை. 2022 செப்டம்பர் 5ஆம் திகதி கட்டணங்கள் 20 வீதம் ஏறினபிறகு, பில் வரும்வரைக்கும் செலவு தெரியாமல் இருப்பதைவிட போட்ட காசுக்குப் பேசுவது எனக்குச் சுகம். ஒன்று மட்டும்: மாதக்கணக்கில் ரீலோட் போடாமல் விட்டால் நம்பர் கைநழுவும். சின்னத் தொகை என்றாலும் போட்டுக்கொண்டே இருங்கள்.

காசுக்குப் போன்

எங்கள் ஒழுங்கையில் சீட்டுப் பிடிக்கிற அக்கா என் முறையை முன்னுக்குத் தந்தா. அவவிடம் கிரிப் இல்லை. நான் இவ்வளவு காலமும் சீட்டுக்காசு பிந்தவிடவில்லை என்ற கணக்கு மட்டும் அவவின் கொப்பியில் இருக்கிறது. அந்தக் காசில் பாவித்த போன் ஒன்று வாங்கினேன். 2024 ஜனவரியில் இருந்து புதுப் போனுக்கும் 18 வீத வற் வரி விழுந்தபிறகு, என் மாதிரித் தொழில் செய்கிறவனுக்குப் பாவித்த போன்தான் கணக்குக்கு வரும்.

பாவித்த போன் வாங்கும்போது கமராவையும் பற்றரியையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் வரும். பெட்டியில் இருப்பதும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். விற்கிறவர் "அதெல்லாம் தேவையில்லை அண்ணை" என்றால் எழும்பி வந்துவிடுங்கள். பற்றுச்சீட்டில் அந்த இலக்கத்தை எழுதி வாங்குங்கள். களவுப் போனோடு பொலிசுக்குப் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எங்களுக்கு நேரம் இல்லை.

உங்களுக்கும் வெளிநாட்டில் ஒரு மருமகனாவது இருப்பார். "மாமா, நான் பாவிச்சது ஒண்டு கிடக்கு, ஆரும் வரேக்குள்ள குடுத்துவிடுறன்" என்பார். முன்பு அது சுகமான வழி. 2025 ஜனவரி 28ஆம் திகதியில் இருந்து ஆணைக்குழுவில் பதியாத புதுக் கருவிகள் இங்குள்ள வலையமைப்பில் சேராது என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே இங்கே பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை. ஆகவே மருமகனிடம் முதலில் அந்த இலக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள். பதிவு விசயம் சரிவராது என்றால் போனை அங்கேயே விற்றுக் காசாக அனுப்பச் சொல்லுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும். எனக்கு வந்தது இங்கே வேலை செய்யாமல் அலுமாரிக்குள் கிடக்கிறது, அதற்கு நன்றி சொன்ன வெட்கம் அதைவிடப் பெரிது.

தவணைக்கு அந்தப் போன் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கணக்குப் பார்த்தேன். கட்டுக்காசை மாதத்தால் பெருக்கி, ஆவணக் கட்டணத்தையும் சேர்த்தால், கையில் இருக்கிற போனை வாங்கி இன்னும் கனக்க மிச்சம் வந்திருக்கும். மறுத்த கம்பனிக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை. அவர்கள் என் நன்மைக்காக மறுக்கவில்லை. ஆனால் போன் ஒன்றுக்காகக் கடன்காரன் ஆவது மடத்தனம் என்பது என் முடிவு.

யாருக்காவது பிணை நின்றவர்கள், அது எத்தனை வருடத்துக்கு முந்தியது என்றாலும், இந்த மாதமே உங்கள் கிரிப் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அந்தப் பத்திரத்தில் எந்த விலாசம் கிடக்கிறது என்று கம்பனிக்குப் போய்க் கேளுங்கள். இடம்பெயர்ந்து இருந்த விலாசம் என்றால் அன்றைக்கே மாற்றிவிட்டு வாருங்கள்.