சீழின் மேல் தோல் ஒட்டாது

நாட்பட்ட காற்புண்ணைப் பற்றி நயினாதீவு போன்ற தீவகக் கிராமங்களில் உலவும் நம்பிக்கைகளுள் அதிகக் கேடு செய்வது ஒன்று: சீழ் இருந்தாலென்ன, தொடைத் தோலை வைத்து மூடினால் உள்ளே தானாகக் காய்ந்துவிடும், வைத்தியர்கள் சும்மா நாளைக் கடத்துகிறார்கள்.

இது முழுப் பிழை. சீவியெடுத்த தோலுக்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. முதல் இரண்டு நாள்வரை புண்ணின் அடியில் ஊறும் நீரை உறிஞ்சியே அது பிழைக்கிறது. பிறகுதான் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதற்குள் நுழைகின்றன. அதுவரை அதைப் பிடித்து வைத்திருப்பது ஃபைபிரின் என்ற புரதம். சீழ் தேங்கினால் தோல் மிதந்துவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீனஸ் என்ற கிருமியோ ஃபைபிரினையே கரைக்கிறது. ஆகவே அது கொஞ்சம் காணப்பட்டாலும் தோல் ஒட்டும் சிகிச்சை தள்ளிவைக்கப்படும். மற்றக் கிருமிகளில் தொகையே முக்கியம். 1967இல் கிறிசெக், றொப்சன், கோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிராம் திசுவில் 100,000க்கு மேற்படாத கிருமிகள் இருந்த புண்களில் 94 சதவீத ஒட்டுகள் பிழைத்தன. அதைத் தாண்டியவற்றில் 19 சதவீதமே. ஒட்டு தவறினால் காலில் பழைய புண், தொடையில் புதுப் புண். அவசரப்படுத்தும் உறவினர் இதை யோசிப்பதேயில்லை.

காத்திருக்கும் நாள்களில் வேலை நிறைய நடக்கிறது. செத்த திசு வெட்டி அகற்றப்படும். அதில் கிருமிகள் படலமாக ஒட்டியிருக்கும். சீழ் பச்சையாக இருந்தால் சூடோமோனாஸ் என்ற கிருமி சந்தேகிக்கப்படும். அதற்கு ஐதாக்கிய அசற்றிக் அமிலத்தில் நனைத்த துணி உதவும். நீரிழிவு இருந்தால் இரத்தத்தில் சீனியின் அளவு கட்டுக்குள் வரவேண்டும். பல ஆண்டுப் புண்ணில் புற்றுநோய் உண்டா என்றும் பார்க்கவேண்டும்.

நுண்ணுயிர்க்கொல்லிக் கப்சூலை உடைத்துப் புண்ணில் தூவுவது பயனற்றது. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். சுற்றுத்தோல் சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோதான் பெரும்பாலும் நுண்ணுயிர்க்கொல்லி தேவை, அதுவும் உள்ளே செல்லும் மருந்தாக. கடல்நீரில் கழுவுவது அபாயம்: வெதுவெதுப்பான கடலில் வாழும் விப்ரியோ கிருமிகள் நீரிழிவுக்காரருக்கும் ஈரல் நோயாளருக்கும் உயிராபத்தை உண்டாக்கலாம். சிலர் நம்புவதுபோல் மீனும் முட்டையும் சீழை வளர்ப்பதில்லை. புண் ஆறப் புரதம் வேண்டும்.

நாளக் கோளாறால் வந்த புண்ணுக்குத் தோலைவிட முக்கியமானது அழுத்தக் கட்டு. நாடிகளில் இரத்தம் சீராக ஓடுகிறதா என்று சோதித்த பின்பே அதைக் கட்டலாம். கட்டாமல் விட்டால் ஒட்டிய தோலும் மறுபடி புண்ணாகும். மருந்து கட்டுவதற்காகவே தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகேறி, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்வரும் நோயாளியின் கால் வழிநெடுகத் தொங்கி வீங்குகிறது. அறுவைக்கு மட்டும் யாழ்ப்பாணம் போனால் போதும். கட்டு மாற்றுவதும் அழுத்தக் கட்டும் தீவுக்குள்ளேயே நடக்க வழிசெய்ய வேண்டும்.