முதுமையின் செலவை யார் ஏற்பது? – யப்பானின் பராமரிப்புக் காப்புறுதி பற்றி ஒரு நோக்கு

பொருளியல் பாடத்தில் நாம் ஆரம்பத்திலேயே கற்கும் எண்ணக்கரு ‘அமையச் செலவு’. ஒன்றைத் தெரிவு செய்யும்போது நாம் கைவிடும் அடுத்த சிறந்த மாற்றீட்டின் பெறுமதியே அது. ஆசிரியை உதாரணம் கேட்டபோது வகுப்பில் பலரும் நெல்லையும் சோளத்தையும் எழுதினார்கள். எனக்கு எங்கள் சாச்சியின் நினைவுதான் வந்தது.

மூத்தம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து மூன்று வருடங்களாகின்றன. வலது கையும் காலும் இயங்குவதில்லை. முன்பள்ளியில் கற்பித்துக்கொண்டிருந்த சாச்சி அந்த மாதமே வேலையை விட்டார். உடம்பு துடைப்பது, புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது, வுழூ செய்ய உதவுவது என்று அவருடைய நாள் சுபஹுக்கு முன்பே தொடங்கிவிடும். “வீட்டோட ஆள் இருக்கிறதால செலவில்ல” என்று பார்க்க வருபவர்கள் சொல்வார்கள். செலவு இருக்கிறது. சாச்சியின் சம்பளம், அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய பதவி உயர்வு, அவருடைய நித்திரை ஆகிய மூன்றும் அந்தச் செலவுதான். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இந்தச் செலவைக் கணக்கில் எழுதிய நாடுகளும் உலகில் உள்ளன. அவற்றுள் யப்பானின் திட்டத்தை இங்கு ஆராய விரும்புகிறேன்.

பராமரிப்பு வேறு, சிகிச்சை வேறு

வைத்தியசாலை நோயைக் குணப்படுத்த முயலும். நீண்டகாலப் பராமரிப்பின் நோக்கம் வேறு. குணமடையாத ஒருவர் உண்ணவும் குளிக்கவும் நடமாடவும் தினமும் உதவுவதே அது. சில வாரங்களில் முடியாது. பல வருடங்கள் நீளலாம். யாருக்கு வரும், எத்தனை வருடம் நீடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. நிச்சயமற்ற, பாரிய செலவுக்குப் பலரும் சிறிது சிறிதாகப் பணம் செலுத்தி வைப்பதே காப்புறுதியின் அடிப்படை. ஆகவே இது காப்புறுதிக்கு ஏற்ற ஓர் இடராகும்.

யப்பான் இந்த முடிவுக்கு வந்த கதை

1972 இல் யப்பானிய எழுத்தாளர் அரியோஷி சவாகோ, மறதிநோய்க்கு ஆளான மாமனாரைப் பராமரிக்கும் ஒரு மருமகளைப் பற்றி நாவல் எழுதினார். அது பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையானது. வீட்டுக்குள் மறைந்திருந்த ஒரு துன்பம் பொதுப் பேச்சானது. 1973 இல் 70 வயதுக்கு மேற்பட்டோருக்கு வைத்தியம் இலவசமாக்கப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் பராமரிக்க ஆளில்லாத முதியோர், சிகிச்சை முடிந்த பின்னரும் மாதக்கணக்கில் வைத்தியசாலைக் கட்டில்களிலேயே தங்கினர். பராமரிப்புக்கு வழி செய்யாவிட்டால் அதன் செலவு வேறொரு வாசலால் உள்ளே வரும் என்பதை யப்பான் இதிலிருந்து கற்றுக்கொண்டது.

1997 டிசம்பரில் பராமரிப்புக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. 2000 ஏப்ரல் 1 ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது.

திட்டம் இயங்கும் விதம்

40 வயதை அடைந்த ஒவ்வொருவரும் கட்டாயமாகக் கட்டணம் செலுத்த வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டோரில் பெரும்பாலானோரின் கட்டணம் ஓய்வூதியத்திலிருந்தே கழிக்கப்படுகிறது. திட்டச் செலவில் பாதி இந்தக் கட்டணங்களிலிருந்தும் மற்றப் பாதி வரிப்பணத்திலிருந்தும் வருகிறது. நிருவகிப்பவை நகர, கிராம உள்ளூராட்சி மன்றங்களாகும்.

உதவி தேவைப்படுவோர் தமது உள்ளூராட்சி மன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஓர் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து 74 விடயங்களைப் பார்ப்பார். தானே எழுந்து உட்கார முடியுமா, உடை மாற்ற முடியுமா, இப்போது என்ன பருவகாலம் என்று தெரிகிறதா என்பன போன்றவை அவை. அந்தப் பதிவையும் வைத்தியரின் கருத்தையும் கொண்டு ஒரு குழு தேவையின் அளவைத் தீர்மானிக்கும். இப்போது 7 படிநிலைகள் உள்ளன. படிநிலை உயர உயர, மாதம் பெறக்கூடிய சேவையின் உச்ச வரம்பும் உயரும். வீட்டுக்கு வரும் உதவியாளர், பகல்நேரப் பராமரிப்பு நிலையம், குளிப்பாட்டும் சேவை, முதியோர் இல்லம் ஆகியவற்றிலிருந்து தேவையானதைத் தெரிவு செய்யலாம். செலவில் 10 வீதத்தைப் பயனாளி ஏற்கிறார். வருமானம் கூடியவர்கள் 20 அல்லது 30 வீதம் செலுத்த வேண்டும்.

திட்டமிடுவோர் விடை காண வேண்டிய மூன்று கேள்விகள்

முதலாவது, இது கட்டாயமா, விருப்பமா? ஐக்கிய அமெரிக்கா 2010 இல் விருப்பத்தின் பேரில் சேரும் ஒரு திட்டத்தைச் சட்டமாக்கியது. தேவைப்படும் என்று அஞ்சுவோர் மட்டுமே சேர்வார்கள், அதனால் கட்டணம் உயரும், உயர்ந்தால் ஆரோக்கியமானவர்கள் ஒதுங்குவார்கள் என்ற சிக்கலைத் தீர்க்க முடியவில்லை. ஒருவருக்கும் உதவி வழங்காமலேயே 2011 இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, 2013 இல் சட்டமும் நீக்கப்பட்டது.

இரண்டாவது, பணமா, சேவையா? 1995 இல் இத்தகைய காப்புறுதியை ஆரம்பித்த ஜேர்மனியில், வீட்டில் பராமரிக்கும் குடும்பம் சேவைக்குப் பதிலாகப் பணமும் பெறலாம். யப்பானிலோ பணம் கொடுத்தால் மருமகள்மார் வீட்டோடு இன்னும் இறுகக் கட்டப்படுவார்கள் என்று பெண்கள் அமைப்புகள் வாதாடின. எனவே அங்கு சேவையே வழங்கப்படுகிறது. இவ்விரண்டில் எது சரி என்று நான் பலமுறை யோசித்தேன். பணம் கிடைத்தால் சாச்சியின் உழைப்புக்கு ஒரு பெறுமதி வரும். சேவை கிடைத்தால் அவருக்கு நேரம் வரும்.

மூன்றாவது, வளரும் செலவை எப்படித் தாங்குவது? 2000 இல் யப்பானில் தகுதி பெற்றிருந்தோர் சுமார் 22 இலட்சம் பேர். இன்று அத்தொகை 70 இலட்சமளவில் உள்ளது. 65 வயதுக்கு மேற்பட்டோர் செலுத்தும் சராசரி மாதக் கட்டணம் 2,911 யென்னிலிருந்து 6,225 யென்னாக உயர்ந்துள்ளது. பராமரிப்பு ஊழியர் பற்றாக்குறை வேறு. நம் நாட்டு இளைஞர், யுவதிகளும் யப்பானிய மொழி கற்று அங்கு பராமரிப்பு வேலைக்குச் செல்கிறார்கள்.

அதே 2000 ஆம் ஆண்டு, இங்கே

யப்பானில் காப்புறுதி தொடங்கிய அதே ஆண்டில்தான் இலங்கையில் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் அது. பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிக்கக் கூடாது என்று அது கூறுகிறது. புறக்கணிக்கப்பட்டவர் முறையிட ஒரு சபையையும் அமைத்தது. யப்பான் செலவைச் சமூகத்தோடு பகிர்ந்தது. நாம் பொறுப்பைப் பிள்ளைகளிடம் உறுதிப்படுத்தினோம்.

பெற்றோரைப் பராமரிப்பது மார்க்கக் கடமையாயிற்றே, அதை அரசிடம் ஒப்படைக்கலாமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடமை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது; ஆனால் நடைமுறையில் அது பெரும்பாலும் ஒரு மகளின் அல்லது மருமகளின் தோளில் மட்டுமே விழுகிறது. உதவி கிடைத்தால் கடமை நீங்கிவிடாது, அதை நிறைவேற்றுபவர் சோர்ந்து விழாமல் இருப்பார். யாசகம் கேட்ட வயோதிபர் ஒருவருக்குக் கலீஃபா உமர் (ரழி) அவர்கள் பைத்துல்மாலிலிருந்து உதவி வழங்கச் செய்தார்கள் என்பதை வரலாற்றில் படித்திருக்கிறோம். முதுமையைப் பொது நிதி தாங்குவது நமக்குப் புதிதல்ல.

எனினும் யப்பானின் திட்டத்தை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது. இங்கு மாத ஓய்வூதியம் பெறுவோரில் பெரும்பாலானோர் அரச ஊழியர்களே. விவசாயிகள், மீனவர், நாட்கூலிக்காரர் ஆகியோரிடம் மாதக் கட்டணம் கழிக்கச் சம்பளப் பட்டியல் இல்லை. ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டின்படியே நம் சனத்தொகையில் 12.4 வீதத்தினர் 60 வயதைக் கடந்திருந்தனர். காத்திருக்கவும் அதிக காலமில்லை. நம்மிடம் ஏற்கெனவே உள்ள ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. குழந்தை பிறந்த வீட்டுக்கு அரசாங்க மிட்வைஃப் தேடி வருகிறார். அதே போல முதியவர் படுக்கையில் இருக்கும் வீட்டுக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து தேவையை அளந்து எழுதலாம். யாருக்கு எவ்வளவு தேவை என்ற கணக்கு கையில் வந்த பிறகே கட்டணம் எவ்வளவு என்று தீர்மானிக்க முடியும்.

இக்கட்டுரையை எழுதி முடித்த இரவு, கிழமைக்கு இரண்டு நாள் யாராவது வந்து மூத்தம்மாவைப் பார்த்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று சாச்சியிடம் கேட்டேன்.

“முதல்ல நல்லா நித்திர கொள்ளுவன்” என்றார். பிறகு கஞ்சிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, “முன்பள்ளிப் பக்கம் ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வருவன்” என்றார்.