பாய்க்கரையில் ஒரு இலை வரிசை

கேள்வி: புதுத் தையல் மெஷினில் இலை, அலை, சங்கிலி என்று ஏகப்பட்ட டிசைன் தையல்கள். நான் தைப்பதோ ஜாக்கெட்டும் தலையணை உறையும்தான். இவற்றை வேறு எதில் போடலாம்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: பக்கத்திலேயே பத்தமடை இருக்கிறதே! புவிசார் குறியீடு பெற்ற கோரைப்பாய் ஊர். கரைத்துணி நைந்த பாய் வீட்டில் இருந்தால் எடுங்கள். புதுக் கரை வெட்டி, இலைத் தையலைத் துணியில் மட்டும் ஓட்டுங்கள். பிறகு நீளமான நேர்த்தையலால் பாயோடு பிடியுங்கள். நெருக்கமான டிசைனைக் கோரையிலேயே ஓட்டினால் ஊசித்துளைகள் வரிசையாக விழுந்து, தபால்தலை மாதிரி கிழிந்து வந்துவிடும். மெல்லிய துணி சுருங்குகிறதா? அடியில் தாள் வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வீரவநல்லூர் செடிபுட்டா சேலையில் மட்டும் கைவைக்காதீர்கள். பூப்போடும் வேலையை நெசவாளரே முடித்துவிட்டார்.