ஃப்ளூ ஜுரம்: அடுக்களை வைத்தியம் எதுவரை?

உத்திரமேரூர் பக்கம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் மார்கழிப் பனி வரைக்கும் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். சாதாரணச் சளி மூக்கில் ஆரம்பித்து மெதுவாக ஏறும். ஃப்ளூ ஒரே வேளையில் ஆளைச் சாய்த்துவிடும். காலையில் நவரை நடவுக்கு இறங்கியவர் மதியத்துக்குள் அடித்துப்போட்ட மாதிரி திண்ணையில் சுருண்டுகிடப்பார். ஜுரம், குளிர், தலைவலி, கை கால் குடைச்சல், வறட்டு இருமல். பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் ஜுரம் இறங்கும். இருமலும் அசதியும் இரண்டு வாரம்கூட இழுக்கும். கஷாயம் குடித்தால் இந்த வைரஸ் சாகாது. உடம்பு அதை எதிர்த்து முடிக்கும்வரை வலியும் வறட்சியும் தாங்கும்படி இருக்கும். அடுக்களையிடம் அவ்வளவு எதிர்பார்த்தால் போதும்.

முதல் வேலை, படுப்பது. கூலி போகிறதே என்று ஜுரத்தோடு வயலுக்குப் போனால் நடவுக் கும்பல் முழுக்கத் தொற்றும். ஜுரம் விட்டு ஒரு நாள் முழுசாகக் கழியும்வரை வீட்டில் இருங்கள். ஒரே அறை வீடென்றால் ஜன்னலைத் திறந்து வைத்து, நோயாளிக்கு டம்ளர், துண்டு தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது கஞ்சி. ஜுரத்துக்குப் பட்டினி போடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அரை டம்ளர் புழுங்கல் நொய்யை ஆறு டம்ளர் தண்ணீரில் போட்டு, நாலு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம் சேர்த்துக் குழைய வேகவிடுங்கள். உப்புப் போட்டு, இளஞ்சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். வாய்க்கு ருசி வேண்டுமென்றால் மிளகு ரசம், கொள்ளு ரசம், அசைவ வீடானால் நாட்டுக்கோழி ரசம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்த தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

கஷாயத்துக்கு ஒரு விரற்கடை சுக்கு எடுத்து மேல்தோலைச் சீவித் தட்டுங்கள். பத்து மிளகை ஒன்றிரண்டாக இடித்து, ஒரு கைப்பிடி துளசி, இரண்டு ஓமவல்லி இலையோடு இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, சிறுதீயில் பாதியாகச் சுண்டவிட்டு வடிகட்டுங்கள். பனைவெல்லம் சேர்க்கலாம், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வேண்டாம். சாப்பிட்ட பிறகு அரை டம்ளர், காலையும் மாலையும் போதும். காரம் கூடினால் குணமும் கூடும் என்று மிளகை அள்ளிப் போடுகிறவர்களுக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம். நிலவேம்புக் குடிநீரைக் கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

தொண்டைக்கு ஒரு டம்ளர் வெந்நீரில் அரை ஸ்பூன் கல்லுப்புக் கரைத்து மூன்று நாலு தடவை கொப்பளியுங்கள். இரவு இருமலுக்குப் படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள்.

வேது பிடிப்பதில்தான் விபத்து நடக்கிறது. ஏரிக்கரையிலும் வேலியிலும் கிடைக்கும் நொச்சித் தழை இரண்டு கைப்பிடி போதும். வாய் அகன்ற, அடி கனமான பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் ஆடாமல் வையுங்கள். இரண்டு நிமிடம் ஆறட்டும். பிறகு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, போர்வையைத் தலைக்குமேல் போட்டு, கண்ணை மூடி ஐந்து நிமிடம் மூச்சு இழுத்தால் மூக்கடைப்பு இளகும். எரிகிற அடுப்பின் மேல் குனிந்து பிடிப்பதும், கட்டிலில் பாத்திரத்தை வைப்பதும் கூடவே கூடாது. குழந்தைகளைப் போர்வைக்குள் இழுத்து உட்கார வைக்காதீர்கள். வெந்நீர் கவிழ ஒரு நொடி போதும். மூக்கடைப்போடு தலைபாரம் உள்ள பெரியவர்களுக்கு, நிழலில் உலர்த்திய நொச்சி இலையை அடைத்த தலையணை இதமாக இருக்கும். கற்பூரத்தைக் குழைத்துக் குழந்தையின் மூக்கில் தடவுவது ஆபத்து, வலிப்பு வரக்கூடும்.

ஜுரம் ஏறினால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்கலாம். பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்றை ஆறு மணி நேர இடைவெளியில் போடலாம். குழந்தைக்கு எடை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவு. மழைக்காலத்தில் டெங்குவும் இதே முகத்தோடுதான் வரும். அதனால் ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள், ரத்தக்கசிவை அதிகப்படுத்தும். மெடிக்கலில் "ஜுரத்துக்கு ஒரு செட்" என்று கேட்டு வாங்கும் பழக்கத்தையும் விட வேண்டும். அந்த செட்டில் ஆன்டிபயாடிக் இருந்தால் ஃப்ளூ வைரஸை அது ஒன்றும் செய்யாது.

கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், அறுபத்தைந்து தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் கஷாயத்தை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். முதல் நாளே மருத்துவரைப் பார்க்கட்டும். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மற்றவர்களும் ஜுரம் மூன்று நாளைத் தாண்டினாலோ, விட்ட ஜுரம் திரும்ப அடித்தாலோ, விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, பேச்சு குழறுகிறது, குழந்தை பால் குடிக்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.